கூட்டு முதலீட்டு நிதியத்தின் தோற்றமும் வளர்ச்சியும்

சிறு பொருளுடையார் பலர் தத்தம் சேமிப்பை ஓரிடத்துத் திரட்டி, அத்திரள் நிதியைப் பல்வேறு பங்குகளிலும் கடன்முறிகளிலும் பரப்பி இட்டு, அதனால் வரும் பயனையும் நேரும் இழப்பையும் தாம்தாம் இட்ட அளவிற்கேற்பப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு கூட்டு முதலீட்டு நிதியம் எனப்படும். இங்கிலாந்திலும் நம் நாட்டிலும் அதற்கு வழங்கும் பெயர் யூனிற் றிறஸ்ற்; அமெரிக்காவிலும் இந்தியாவிலும் மியூச்சுவல் பண்ட். நாளிதழ்களின் வணிகப் பக்கங்களில் இப்பெயர்களைக் காண்போர் பலர் இதனை நேற்றுத் தோன்றிய புதுமை என எண்ணுவர். அவ்வெண்ணம் பொருந்தாது. இவ்வமைப்புக்கு இருநூற்றைம்பது ஆண்டு வரலாறு உண்டு. இந்நிதியங்களிற் பணம் இடுமுன் ஒருவன் அறியவேண்டிய அடிப்படைகளை அவ்வரலாறே நன்கு கற்பிக்கும். ஏனெனில், அவற்றுட் பல, எவரோ சிலர் தம் பணத்தை இழந்த பின்னரே விதியாக எழுதப்பட்டவை.

கூட்டுச் சேமிப்பு நம்மவர்க்குப் புதிதன்று. ஊரிற் பத்துப் பதினைந்து பேர் கூடிச் சீட்டுக் கட்டுதலும், திரண்ட தொகையை முறைவைத்தோ கழிவு கூறியோ ஒருவர் எடுத்தலும் நாம் நாள்தோறும் காண்பனவே. ஆயினும் சீட்டுப் பணம் உறுப்பினரிடையே சுற்றிவருகின்றதேயன்றி, வெளியே சென்று பிறர் தொழிலிற் பங்கேற்பதில்லை. அதன் பாதுகாப்பு முழுவதும் சீட்டுப் பிடிப்பவரின் நாணயத்தையும், முன்னரே எடுத்தவர் பின்னரும் தவறாது கட்டுவதையும் பொறுத்தது. கூட்டு நிதியத்திலோ பணம் வெளியே செல்கின்றது. ஆதலின் அங்கே வினாக்கள் இரண்டாகின்றன: பணம் எங்கே இடப்பட்டுள்ளது என்பது ஒன்று, இட்டதற்குரிய பத்திரங்களை யார் காக்கின்றனர், அவற்றின் பெறுமதியை யார் கூறுகின்றனர் என்பது மற்றொன்று. முதல் வினாவையே மக்கள் பெரிதும் கேட்பர். இரண்டாவது வினாவே பெரிது என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பணச்சந்தைகளுள் முதன்மை பெற்று விளங்கியது அம்ஸ்ரர்டாம் நகரம். 1602ஆம் ஆண்டில் அமைந்த ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியின் பங்குகள் அந்நகரிற் கைமாறத் தொடங்கி ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியிருந்தது. (1658 முதல் யாழ்ப்பாணப் பட்டினத்தை ஆண்டதும் இக்கொம்பனியே. நம் முன்னோர் இறுத்த வரியும், இங்கிருந்து கப்பலேற்றப்பட்ட யானைகளின் விலையும் அதன் வருவாயிற் சேர்ந்தன. அவ்வருவாயிலிருந்தே தூரதேசத்துப் பங்காளர் பங்கிலாபம் பெற்றனர் என்பதை நாம் நினைப்பதில்லை.) கொம்பனிப் பங்கின் வழக்கமான அளவு 3,000 கில்டர் முகப்பெறுமதி உடையது. அரசுகள் விற்ற கடன்முறியும் பெரும்பாலும் ஒவ்வொன்று 1,000 கில்டர் ஆகும். இத்தகைய விலையில், நடுத்தர வணிகன் ஒருவன் தன் சேமிப்பைக் கொண்டு ஒன்றிரண்டு பத்திரங்களையே வாங்கமுடியும். அவற்றுள் ஒன்று பழுதாயின் அவன் வாழ்வின் சேமிப்பிற் பாதி அழிந்தது.

அத்தகைய அழிவு வெகு விரைவில் வந்தது. 1772ஆம் ஆண்டு நடுப்பகுதியில் ஸ்கொத்லாந்தின் ஏயர் வங்கி முறிந்தது. அவ்வாண்டின் முடிவில், ஆங்கிலக் கிழக்கிந்தியக் கொம்பனிப் பங்குகளிற் சூதாடிய கிளிபோட் என்னும் அம்ஸ்ரர்டாம் வங்கி மனையும் வீழ்ந்தது. பழம்பெருமை வாய்ந்த மனைகளே வீழ்தலைக் கண்ட மக்கள் எவரை நம்புவது என அறியாது திகைத்தனர்.

இச்சூழலிலேதான் 1774ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஆபிரகாம் வான் கெற்விக் என்னும் அம்ஸ்ரர்டாம் வணிகர் ஒரு புதிய ஏற்பாட்டிற் சேருமாறு மக்களை அழைத்தார். அதற்கு அவர் இட்ட பெயர் 'ஒற்றுமையே வலிமை' என்னும் பொருளுடைய 'ஏன்றிராக்ற் மாக்ற் மாக்ற்' என்பதாகும். ஒவ்வொன்று 500 கில்டராக 2,000 பங்குகள். மொத்தம் 10 இலட்சம் கில்டர். இப்பங்குகள் 20 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டன. ஒவ்வொரு வகுப்பின் பணமும் 50 கடன்முறிகளில் இடப்படல் வேண்டும். அவற்றுள் இருபது இருபத்தைந்து வெவ்வேறு முறிகளேனும் இருத்தல் வேண்டும். ஒரே முறியில் இரண்டு மூன்றுக்கு மேல் இருத்தலாகாது. ஒஸ்திரியா, டென்மார்க், சுவீடன், றுஷ்யா, ஸ்பெயின் முதலிய அரசுகளின் கடன்களும், அமெரிக்கக் கரையோரத்துக் குடியேற்றங்களிற் கரும்பும் கோப்பியும் விளைத்த தோட்டங்களுக்கு ஈட்டின்மேற் கொடுத்த கடன்களும் அப்பட்டியலில் இடம்பெற்றன. பங்காளருக்கு ஆண்டுதோறும் நூற்றுக்கு 4 வீதம் கொடுபடும். மிகுந்த வட்டியைக் கொண்டு குலுக்கல் முறையிற் சில பங்குகள் கூடிய விலைக்கு மீட்கப்படும். குலுக்கல் இன்றேல் அக்காலத்து மக்கள் மனம் இசைந்திரார் போலும்.

வரலாற்றாசிரியர் பலர் கெற்விக்கைப் பாராட்டுவது அவர் பணத்தைப் பரப்பி இட்ட திறத்துக்காகவே. நம் கருத்தில் அதனினும் பாராட்டத்தக்கது, அவ்வறிக்கையிற் காணப்படும் ஒரு சிறு விதி. வாங்கிய பத்திரங்கள் அனைத்தும் வெவ்வேறு முறையில் இயங்கும் மூன்று பூட்டுகளையுடைய இரும்புப் பேழையில் வைக்கப்படல் வேண்டும் என்பது அவ்விதி. மூன்று பூட்டுக்கு மூன்று திறப்பு. ஒருவர் தனித்துத் திறத்தல் இயலாது என்பதே கருத்து. அன்றியும், நிதியத்தை மேற்பார்வையிடத் தனி ஆணையாளர் இருந்தனர். கெற்விக் அவர்களுக்கு ஆண்டுதோறும் கணக்குக் காட்டவும், அக்கறையுடைய எவரும் கேட்பின் அதனை வெளிப்படுத்தவும் கடமைப்பட்டார். பணத்தை ஆள்பவர் வேறு, காப்பவர் வேறு, கணக்குப் பார்ப்பவர் வேறு என்னும் கொள்கை இவ்வாறு இந்நிதியத்தோடு உடன்பிறந்ததாகும்.

இந்நிதியத்தின் பிற்கால வரலாறு மற்றொரு பாடம். 1780இல் இங்கிலாந்துடன் மூண்ட போர் ஒல்லாந்தரின் கடல் வணிகத்தைச் சிதைத்தது. தோட்டக் கடன்கள் திரும்பாதொழிந்தன, பங்கிலாபம் குறைக்கப்பட்டது. தோட்டங்கள் பலவாயினும், அவை அனைத்தும் ஒரே கடலையும் ஒரே விளைபொருட் சந்தையையும் சார்ந்தவை. பெயரிற் பல, இடரில் ஒன்று. பரப்பி இடுதல் என்பது பத்திரங்களின் தொகையை எண்ணுதலன்று. ஒன்றை வீழ்த்தும் காரணம் மற்றொன்றையும் வீழ்த்துமா என ஆராய்தலாம். இன்று ஐந்து நிதியங்களிற் பணம் இட்டுள்ளேன் என்று ஆறுதல் கொள்பவர், அவ்வைந்தும் ஒரே வங்கிகளின் பங்குகளையே வைத்திருக்கின்றனவா எனப் பார்த்தல் நன்று. அத்தோட்டங்களில் உழைத்தோர் அடிமைகள் என்பதையும் ஈண்டுக் கூறாது விடுதல் தகாது. நூறு கைகள் மாறி வரும் வருவாயில் உழைத்தவனின் முகம் தெரிவதில்லை. அது கூட்டு நிதியத்தோடு பிறந்த ஒரு குறையே. இன்றும் அது முற்றாக நீங்கிற்று எனல் அரிது.

இருபத்தைந்து ஆண்டிற் கலைப்பதற்கென அமைந்த அந்நிதியம் பிரெஞ்சுப் படையெழுச்சியையும் நெப்போலியன் காலத்தையும் கடந்து 1824இலேயே கலைக்கப்பட்டது. 1779இல் கெற்விக் தொடங்கிய இரண்டாவது நிதியம் 1893 வரை நிலைத்தது. எல்லாவற்றையும் இழந்தோம் என்னும் நிலை பங்காளர்க்கு வரவில்லை.

ஒல்லாந்தில் முளைத்த இம்முறை இலண்டனில் 1868இலேதான் வேரூன்றியது. டிஸ்றேலியின் சட்டத்தரணியாகிய பிலிப் றோஸ் என்பவர் 'வெளிநாட்டு, குடியேற்ற நாட்டு அரசாங்க நம்பிக்கைப் பொறுப்பு' என்னும் நிதியத்தை நிறுவினார். 100 பவுண் முகப்பெறுமதியுள்ள சான்றிதழ் 85 பவுணுக்கு விற்கப்பட்டது. பணம் 18 கடன்முறிகளில் இடப்பட்டது. பெருஞ்செல்வர்க்குக் கிட்டும் பாதுகாப்பு சிறு பொருளுடையார்க்கும் கிட்டுதல் வேண்டும் என்பதே நிறுவியோர் கூறிய நோக்கம். (85 பவுண் அக்காலத்து உழைப்பாளி ஒருவனின் ஆண்டு வருவாயினும் மிகுதி, ஆதலின் சிறு பொருளுடையார் என்றது ஏழைகளை அன்று.) அவர்கள் வாங்கிய முறிகளுள் துருக்கி, பேரு, எகிப்து, ஸ்பெயின் ஆகிய அரசுகளினவும் இருந்தன. 1870களில் இந்நான்கு அரசுகளும் கடன் இறுக்கத் தவறின. தனித்தனி வாங்கியோர் பலர் அழிந்தனர்; நிதியமோ பிழைத்தது, இன்றும் நிலவுகின்றது. பரப்பி இடுதலின் பயனுக்கு இதனினும் தெளிவான சான்று காண்டல் அரிது.

1873இல் ஸ்கொத்லாந்தின் டண்டி நகரில் றொபேட் பிளெமிங் என்னும் இளங் கணக்கர் அமெரிக்கப் புகையிரதக் கடன்முறிகளை வாங்குதற்கென மற்றொரு நிதியம் அமைத்தார். ஒன்றரை இலட்சம் பவுண் கேட்டார். மூன்று இலட்சம் திரண்டது. வங்காளத்துச் சணலை நெய்து செல்வம் குவித்த நகரம் அது. வங்காளத்து உழவன் விளைத்தது டண்டியில் இலாபமாகி அமெரிக்காவில் இருப்புப்பாதையாயிற்று.

இதுவரை கூறியவை யாவும் மூடிய நிதியங்கள். பங்கின் தொகை தொடக்கத்திலேயே வரையறுக்கப்படும். வெளியேற விரும்புபவன் சந்தையில் வேறொருவனுக்கு விற்றல் வேண்டும். விலை பங்கின் உண்மைப் பெறுமதியோடு ஒத்திருக்கும் என்னும் உறுதி இல்லை. இக்குறையை நீக்கியது 1924 மார்ச் மாதம் பொஸ்ரன் நகரில் 50,000 டொலரோடு தொடங்கிய மாசச்சூசெற்ஸ் முதலீட்டாளர் நிதியம். புதியவர் எந்நாளும் சேரலாம். உள்ளவர் எந்நாளும் தம் அலகை நிதியத்திடமே கொடுத்து, அந்நாட் பெறுமதியின்படி பணம் பெறலாம். இதுவே திறந்த நிதியம்.

அந்நாட் பெறுமதி எவ்வாறு கணிக்கப்படும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். நிதியம் ஒன்றின் பங்குகளும் முறிகளும் இன்றைய சந்தை விலையில் 12 இலட்சம் ரூபா எனவும், அது கொடுக்கவேண்டியது 20 ஆயிரம் ரூபா எனவும் கொள்வோம். தேறிய சொத்து 11 இலட்சத்து 80 ஆயிரம். மக்கள் கையில் உள்ள அலகுகள் ஒரு இலட்சமாயின், ஓர் அலகின் பெறுமதி 11 ரூபா 80 சதம். நாளை சந்தை இறங்கின் இதுவும் இறங்கும். வங்கி வைப்பில் உள்ளது போன்ற நிலையான தொகை இங்கு இல்லை. அலகின் விலை 10 ரூபாவாதலால் மலிவு, 100 ரூபாவாதலால் உயர்வு என எண்ணுவது வெறும் மயக்கம். எத்தனை அலகு என்பது மாறுமேயன்றி, இட்ட பணத்தின் வளர்ச்சி வீதம் அதனால் மாறாது.

பொஸ்ரனின் இவ்வமைதியான முறையைக் காட்டிலும் அக்கால அமெரிக்கரைக் கவர்ந்தது நியூயோர்க்கின் வேறொரு முறை. அங்கு மூடிய நிதியங்கள் கடன் வாங்கி முதலிட்டன. 50 ரூபா சொந்தப் பணம், 50 ரூபா கடன் என்றால், சந்தை பாதியாகும்போது சொந்தப் பணம் முற்றாக அழியும். 1928 டிசெம்பரில் அமைந்த கோல்ட்மன் சாக்ஸ் வணிகக் கூட்டுத்தாபனம் 104 டொலருக்குப் பங்கு விற்றது. 1929 கோடையில் அது செனண்டோவா என ஒரு நிதியத்தைப் பெற்றது. அச்செனண்டோவா புளூ றிட்ஜ் என மற்றொன்றைப் பெற்றது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இவ்வமைப்பின் அடியிற் கிடந்த சொத்து எவ்வளவு என்பதை வாங்கியவர் அறியார். 1929 ஒற்றோபரிற் சந்தை சரிந்தது, அடுக்கும் சரிந்தது. 104 டொலர்ப் பங்கு பின்னர் இரண்டு டொலர் தானும் பெறவில்லை. பொஸ்ரன் நிதியத்தின் அலகும் பெரிதும் வீழ்ந்தது உண்மையே. 1932 வரை அமெரிக்கச் சந்தையே பத்தில் ஒன்பது பங்கை இழந்ததாதலின் வீழாதிருத்தல் இயலாது. எனினும் அது கடன்பட்டிராமையால் முறியவில்லை. கேட்டவர்க்கெல்லாம் அந்நாட் பெறுமதியைக் கொடுத்தது. இன்றும் அது தொழிற்படுகின்றது.

இவ்வழிவின் பயனாக 1940இல் அமெரிக்காவில் முதலீட்டுக் கொம்பனிச் சட்டம் நிறைவேறியது. கடனுக்கு வரம்பு, சொத்தைக் காப்பதற்குத் தனி ஒழுங்கு, கணக்கை வெளியிடுங் கடமை, அலகைத் திருப்பிக் கொடுப்பவனுக்கு ஏழு நாளுக்குட் பணம் என்பன அதன் விதிகளுட் சில. நூற்றறுபத்தாறு ஆண்டுகளுக்கு முன் கெற்விக் தாமே விரும்பி ஏற்ற கட்டுப்பாடு இப்போது சட்டமாயிற்று.

முகாமைக் கட்டணத்தைப் பற்றியும் ஒரு சொல். ஆண்டுக்கு 2 வீதக் கட்டணம் சிறிதென்றே தோன்றும். ஆனால் ஆண்டுக்கு 8 வீதம் வளரும் 100 ரூபா 30 ஆண்டில் ஏறத்தாழ 1,006 ரூபாவாகும்; கட்டணம் போக 6 வீதமே வளரின் அது 574 ரூபாவே. பங்குகளைத் தெரிந்தெடுக்கும் திறமைக்கு இவ்வளவு விலை கொடுத்தல் தகுமா என வினவிய ஜோன் போகிள் என்னும் அமெரிக்கர், 1976இல், தெரிவு செய்யாது சந்தைச் சுட்டியில் உள்ள பங்குகள் அனைத்தையும் வாங்கிவைக்கும் நிதியத்தைப் பொதுமக்களுக்கென வெளியிட்டார். 15 கோடி டொலர் எதிர்பார்த்தனர். ஒரு கோடி பதின்மூன்று இலட்சமே வந்தது. அன்று நகைத்தோர் பலர். இன்று அவ்வகை நிதியங்களே அமெரிக்கச் சேமிப்பிற் பெரும்பகுதியை ஈர்க்கின்றன.

இனி நமக்கு அண்மையில் உள்ள நாட்டை நோக்குவாம். இந்தியாவில் 1963இல், சென்னையைச் சேர்ந்த ரி. ரி. கிருஷ்ணமாசாரி நிதியமைச்சராயிருந்த காலத்தில் தனிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டு, 1964இல் இந்திய யூனிற் றிறஸ்ற் தொழிலைத் தொடங்கியது. அவ்வாண்டு யூலையில் அது விற்ற முதல் திட்டம் 'யூ. எஸ். 64', அலகு ஒன்று 10 ரூபா. ஓய்வுபெற்ற ஆசிரியரும் எழுதுவினைஞரும் கைம்பெண்களும் இதனை அரசாங்கமே தரும் வைப்பெனக் கருதினர். முப்பதாண்டு ஆண்டுதோறும் பங்கிலாபம் தவறாது வந்தமையால் அந்நம்பிக்கை வளர்ந்தது.

ஆனால் அதன் அமைப்பில் ஒரு பிழை இருந்தது. அலகின் விற்பனை விலையையும் மீள்கொள்வனவு விலையையும் நிதியமே நினைத்தவாறு அறிவித்தது. சொத்தின் அந்நாட் பெறுமதியை வெளியிடவில்லை. முதலிடுபவரும், நம்பிக்கைப் பொறுப்பாளரும், விலை கூறுபவரும் ஒரே சபையினர். பிற நிதியங்கள் 1993 முதல் பங்குச்சந்தை ஒழுங்காணையத்தின் விதிக்குக் கட்டுப்பட்டன. இதுவோ தன் சட்டத்தின் நிழலில் நின்றது. கெற்விக்கின் பேழைக்கு மூன்று பூட்டு. இப்பேழைக்கும் மூன்று பூட்டு எனலாம், ஆனால் திறப்பு மூன்றும் ஒரே கொத்தில் இருந்தன.

1998இல் முதல் விரிசல் வெளிப்பட்டது. 2001ஆம் ஆண்டு நடுப்பகுதியில் மீள்கொள்வனவு விலை 14 ரூபாவை அண்மித்திருந்தது. உள்ளிருந்த சொத்தோ அதற்கு எவ்வளவோ குறைவு. நிலைமையை உணர்ந்த பெருங் கொம்பனிகள் ஏப்பிரல், மே மாதங்களிற் பெருந்தொகையை அவ்வறிவித்த விலையிலேயே மீட்டுக்கொண்டன. யூலை தொடக்கத்தில் நிதியம் மீள்கொள்வனவை ஆறு மாதத்துக்கு நிறுத்தியது. எஞ்சியிருந்தோர் சிறு சேமிப்பாளர். அவர்க்கு முன் வெளியேறியோர் பெற்ற மிகைப்பணம், உண்மையில் அவர்தம் பணமே. 2002 தொடக்கத்தில் அலகின் பெறுமதி முதன்முறையாக வெளியிடப்பட்டபோது அது 6 ரூபாவிலும் குறைவாயிருந்தது. இறுதியில் அரசாங்கம் தலையிட்டு, 5,000 அலகுகள் வரை ஒன்றுக்கு 12 ரூபாவும், மிகுதிக்கு 10 ரூபாவும் கொடுப்பதாகப் பொறுப்பேற்றது. அப்பணம் வரிகட்டிய பொதுமக்களுடையது. 1963ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டது. நிறுவனம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. புதிய நிதியம் ஏனையவற்றைப் போல் முகாமைக் கொம்பனி வேறு, பொறுப்பாளர் வேறு என அமைக்கப்பட்டது.

இழப்பு நேர்ந்தமைக்குப் பங்குச்சந்தையின் வீழ்ச்சியைக் குறை கூறுவோர் உளர். சந்தை வீழ்ந்தது மெய்யே. ஆயின் பெறுமதி நாள்தோறும் அறிவிக்கப்பட்டிருப்பின் அவ்வீழ்ச்சி பெரியோர்க்கும் சிறியோர்க்கும் ஒரே அளவிற் பகிரப்பட்டிருக்கும். மறைக்கப்பட்ட பெறுமதியே அதனைச் சிறியோர் தலையிற் சுமத்தியது.

நம் நாட்டில் பங்குத் தரகு, தேயிலைத் தோட்டங்களுக்கு முதல் திரட்டும் பொருட்டு 1896இல் கொழும்பில் தொடங்கியது. யூனிற் றிறஸ்ற் அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரே வந்தது. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த பிணைகள் மன்றம் 1991இற் பிணைகள் பரிவர்த்தனை ஆணைக்குழுவாக மாற்றப்பட்டபோது இந்நிதியங்களுக்கும் இடம் வகுக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே முதல் நிதியங்கள் தொடங்கின. முகாமையாளர் ஒரு கொம்பனியாகவும் நம்பிக்கைப் பொறுப்பாளர் பெரும்பாலும் ஒரு வங்கியாகவும் இருப்பர். சொத்துகள் பொறுப்பாளர் பெயரிலேயே வைக்கப்படும். இந்நிதியங்களின் பணத்திற் பெரும்பகுதி பங்குகளில் அன்று, திறைசேரி உண்டியல்களிலும் ஏனைய வட்டி தரும் பத்திரங்களிலுமே இடப்பட்டுள்ளது. 2022 ஏப்பிரலில் இலங்கை அரசு வெளிநாட்டுக் கடன் இறுத்தலை நிறுத்திவைத்தபோது, 1870களில் துருக்கியின் முறியையும் பேருவின் முறியையும் கையில் வைத்திருந்த இலண்டன் வணிகன் கேட்ட கேள்வியைக் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் அலகு வைத்திருந்தோர் கேட்கலாயினர். அதற்கு விடை, ஒவ்வொரு நிதியமும் வெளியிடும் அறிக்கையில், எப்பத்திரம் எவ்வளவு என்னும் பட்டியலில் இருந்தது.